புகை வந்தும் கங்கு விழாத மாலை: தீ கடைந்து பழகுவோரின் அனுபவங்கள்

நாகமலை வாசி

வில்லும் கடைகோலும் வைத்துத் தீ எடுத்துப் பழகுகிறவர்கள் இங்கே பலர் இருப்பதால், கருவிகளை விளக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாசி மாதக் கடைசியில் ஒரு மாலை, நாகமலை அடிவாரத்தில் அறுவடை முடிந்து கிடந்த உறவினர் ஒருவரின் சோளக்காட்டில் உட்கார்ந்து கடைந்துகொண்டிருந்தேன். கீழே வைக்கும் அடிக்கட்டை முருங்கை, அதன் குழியில் வில் கயிற்றால் சுழற்றும் கோல் பூவரசு. புகை நன்றாகவே எழுந்தது, குழியோரம் தூள் விழ வெட்டிய பிளவான வெட்டுவாயில் தூளும் சேர்ந்தது, ஆனால் கோலை எடுத்த உடனே புகை அடங்கிவிட்டது. வரப்பில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கீதாரி (ஆட்டுக்கிடை போடுபவர்) ஒருவர் இறங்கி வந்து, என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தூளைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, "மாவாத்தான் வருது, கரியா வரலையே தம்பி" என்றார். பிறகு அடிக்கட்டையை எடுத்து, அதன் மறுமுனையில் பெருவிரல் நகத்தை அழுத்தி, அந்தத் தடத்தையே வெகுநேரம் பார்த்தார். கட்டையைத் திருப்பி அடிப்பக்கத்திலும் அழுத்திப் பார்த்தார். அதற்குள் ஆடுகள் பக்கத்துக் காட்டுக்குள் இறங்கிவிட, ஒன்றும் சொல்லாமல் கட்டையைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். மறுநாள் போனபோது கிடையை வேறு ஊருக்கு மாற்றிப் போய்விட்டார்கள். அந்த நகத்தடத்தில் அவர் என்ன படித்தார் என்பதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு இப்படி நேர்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

வாடிப்பட்டித் தச்சர் மகன்

ஐயா, அவர் இரண்டு விஷயங்களைச் சோதித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நகம் லேசாகப் பதிந்தால் அந்த மரம் கடைவதற்கு ஏற்ற மென்மை உடையது; பதியவே இல்லை என்றால் அது வைரம் பாய்ந்த மரம், தோள் ஓய்ந்தாலும் தூள் கொடுக்காது. பதிந்த தடம் பொருபொருவென்று உடையாமல் மழமழவென்று அமுங்கி நின்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அடிப்பக்கத்தை அழுத்திப் பார்த்ததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும், ஏனென்றால் தரையில் கிடந்த கட்டை மேலே காய்ந்திருந்தாலும் மண் பட்ட பக்கம் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும்.

என் தந்தை கதவு, நிலை செய்யும் மரங்களை வாங்கும்போது, சீவிய பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஈர மரம் கன்னத்தில் குளிர்ச்சியாகத் தெரியும்; உலர்ந்தது அப்படித் தெரியாது. நான் தீ கடையத் தொடங்கியது அவர் காலமான பிறகு. கார்த்திகை மழை விட்ட ஒரு நாள், வெளித்தோற்றத்தில் நன்றாகக் காய்ந்திருந்த கல்யாண முருங்கைக் கட்டையை எடுத்தேன். கோல் சுழலச் சுழலக் கீச்சென்று ஒரு சத்தம் வந்ததே தவிரப் புகை வரவில்லை. குழியைப் பார்த்தால் கண்ணாடி போல் வழவழப்பேறி இருந்தது. கட்டையைப் பிளந்து உட்பக்கத்தைக் கன்னத்தில் வைத்தேன், சில்லென்று இருந்தது. எத்தனையோ மரத்தை அவர் அப்படிக் கன்னத்தில் வைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதன் பொருள் என் தோலுக்குப் புரிந்தது அந்த நொடியில்தான். பக்கத்தில் சொல்லிக் காட்ட அவர் இல்லை என்ற வருத்தம் அப்படியே நிற்கிறது.

வழவழப்பேறிய குழிக்கு ஒரு சிட்டிகை ஆற்று மணல் போட்டு மெதுவாகச் சுழற்றினால் மறுபடியும் சொரசொரப்பு வரும். தூள் வெளிறிய பழுப்பாக வந்தால் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வேகத்தையும் கூட்ட வேண்டும். கறுத்து வரும் தூள்தான் ஒன்றோடொன்று சேர்ந்து கங்காகும். வெட்டுவாய் குழியின் நடுமையம் வரை எட்டாமல் இருந்தாலும் தூள் வெளியிலேயே சிதறிப்போகும், சேராது.

கருமாத்தூர்க்காரன்

மேலே எழுதிய தம்பி சொன்னவை சரிதான். ஆனாலும் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் மழைக்காலத்தில் மரம் கடைவது வீண் உழைப்பு என்பது என் கருத்து. எங்கள் பாட்டனார் காலத்தில் கையில் இருந்தது சக்கிமுக்கி. சிவகாசியில் 1923இல் தீப்பெட்டித் தொழில் தொடங்குவதற்கு முன்னால் சுவீடன், ஜப்பான் தீப்பெட்டிகள் கப்பலில் வந்தன. காட்டில் மாடு மேய்ப்பவர் கைக்கு அவை எளிதில் எட்டவில்லை. வளைந்த இரும்பு ஒன்று, வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) ஒன்று, மூங்கில் குழாயில் கருக்கிய இலவம்பஞ்சு, இவ்வளவும் ஒரு தோல் பைக்குள் இருந்தன என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அதனால் செக்கானூரணிப் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறையில், வண்டியிலிருந்து கழற்றிய வில் பட்டையில் (ஸ்பிரிங் பட்டை) ஒரு துண்டை அடித்துத் தரச் சொன்னேன். கொல்லர் அடித்து வளைத்துத் தந்தார். அங்கேயே கல்லில் உரசினேன், ஒன்றும் வரவில்லை. கல்லில்தான் குறை என்றார் கூட வந்தவர். கொல்லர் அதை ஏற்கவில்லை. "தோய்ச்சல் பத்தல" என்று சொல்லி இரும்பை மறுபடி உலையில் வைத்து, செக்கச்சிவந்ததும் தண்ணீரில் அமிழ்த்தினார். ஆறியதும் அவரே கல்லை இடக்கையில் பிடித்து, அதன் கூர்விளிம்பில் இரும்பைச் சரித்து அடித்தார். பட்டறை இருட்டில் பொறிகள் கிளைவிட்டுச் சிதறின. அதில் ஒன்று, கல்மேல் நான் பிடித்திருந்த, கருக்கிய பருத்தியான கரித்துணியில் விழுந்தது. தீச்சுடர் எதுவும் இல்லை. கடுகளவு சிவப்பு, அதைச் சுற்றி ஒரு வளையம், வளையம் மட்டும் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே போனது. ஊதாமல் இருந்தும் அது அணையவில்லை. அந்த வளையத்தை எப்போது நினைத்தாலும் என் கை நடுங்குகிறது.

கல்லுக்குள் நெருப்பு இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கனிமங்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் வெங்கச்சங்கல் 7. தோய்ச்சல் ஏறிய இரும்பைவிட அது கடினமானது. அது இரும்பைச் சீவித் தள்ளுகிறது. சீவலாகப் பறக்கும் இரும்பே அந்தச் சூட்டில் காற்றில் எரிகிறது. துருப்பிடிக்காத எஃகுக் கத்தியில் பொறி வருவது அரிது. தேய்ந்துபோன பழைய அரம் கிடைத்தால் அதுவே போதும். பழைய பருத்தி வேட்டித் துணியைச் சிறு துளையிட்ட தகர டப்பாவில் மூடி அடுப்பில் வைத்து, துளையில் புகை நின்றதும் எடுத்து, டப்பா முழுதாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுத் துணி முழுவதும் கங்காகிவிடும்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியை, திருமங்கலம்

கடைவது வீண் உழைப்பு என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஊருக்கு அருகில் நடந்த ஒரு குடமுழுக்கில், யாகசாலைக்கு அரணி (தீ கடையும் கட்டை) கடைந்து தீ எடுத்ததை மிக அருகிலிருந்து பார்த்தேன். முதல்நாள் இரவு மழை பெய்திருந்தது. அரசங்கட்டையில் செய்த அடியரணியின் குழியில் கடைகோலை நிறுத்தி, ஒருவர் மேலிருந்து அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கயிற்றின் இரு தலைப்பையும் மாற்றி மாற்றி இழுத்தார். கூட்டம் பொறுமை இழந்தது. தீப்பெட்டியைக் கொடுத்துவிடலாமே என்று என் பின்னால் ஒருவர் சொன்னது அவர்கள் காதிலும் விழுந்திருக்கும். இழுத்தவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. வேகம் சற்றும் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக இழுத்துக்கொண்டே இருந்தார். தூள் கறுத்து, கயிறு நின்ற பிறகும் தானாகவே ஒரு புகைக்கோடு எழுந்தபோது, அழுத்திப் பிடித்திருந்தவர் சட்டென்று ஊதவில்லை. தூளை அப்படியே விட்டு, கங்கு கூடி இறுகும்வரை காத்திருந்தார். அதன் பிறகே தேங்காய் நாருக்கு மாற்றினார். நாகமலை வாசி அவர்களே, உங்கள் கடைசல் அந்த இடத்தில்தான் கெட்டதோ என்று கேட்கத் தோன்றுகிறது.

ஈர நாளிலும் அந்தக் கட்டை தீ கொடுத்ததற்குக் காரணம், அதை எங்கே வைத்துப் பாதுகாத்தார்கள் என்பதுதான். புறநானூற்று 315ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் நெடுமான் அஞ்சியை, வீட்டுக் கூரை இறவாரத்தில் செருகி வைத்த ஞெலிகோலுக்கு, அதாவது தீக்கடைகோலுக்கு, ஒப்பிடுகிறார். அதில் தீ இருப்பது தெரியாமலும் இருக்கும், வெளிப்பட்டால் பேரெரியாகவும் தோன்றும் என்பது பொருள். வகுப்பில் இதைப் பல முறை நடத்தியபோது உவமையின் நயத்தை மட்டுமே சொல்லிவந்தேன். அரணியைப் பார்த்த அன்றுதான், கூரை இறவாரம் என்பது மழை படாத, அடுப்புப் புகை தட்டிக்கொண்டே இருக்கிற இடம் என்பது மனத்தில் உறைத்தது. கரிசலானாலும் செம்மண்ணானாலும், கோலையும் கட்டையையும் அடுப்பங்கரையில் பரண்மேல் போட்டு வையுங்கள்.

மேலூர்ப் பக்கம்

என் அனுபவம் சிறியது. அரிட்டாபட்டி மலையை ஒட்டி விடுமுறை நாளொன்றில் நடந்தபோது, ஒரு பாறை மறைவில் இளைஞர்கள் சிலர் வில்கடைகோல் வைத்துத் தீ எடுத்து, அதைச் சருகுக் குவியலில் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கிளம்பிய பிறகு போய்ப் பார்த்தேன். பாறையின் அடிப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செதில் பிரிந்து நின்றது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

இதை ஒட்டிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். சூடேறிய பாறை செதில் செதிலாக உதிரும். அரிட்டாபட்டியிலும், நாகமலைப் பக்கம் கொங்கர்புளியங்குளத்திலும், கீழக்குயில்குடி சமணர் மலையிலும் இருப்பவை இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகளும் சமணர் கற்படுக்கைகளும் சிற்பங்களும். அவற்றின் அருகில் எந்த முறையிலும் தீ மூட்டக் கூடாது. அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அழகர்மலை, சிறுமலை போன்ற காப்புக்காடுகளில் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டு வனச்சட்டப்படியே குற்றம்; கடைந்து எடுத்த தீ என்பதால் அதற்கு விலக்கு கிடையாது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாசி, பங்குனி மாதங்களில் மலைப்புல் எந்த நிலையில் இருக்கும் என்பதை அதற்குப் பிறகும் நாம் மறக்கலாகாது.

பழகுவதற்கு ஏற்ற இடம் சொந்தக் காடு, அதுவும் உழுது போட்ட மண். சுற்றிலும் நான்கு பாக (இரு கை விரித்த அளவு) தூரத்துக்குச் சருகை ஒதுக்கி, ஒரு குடம் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். ஆடிக்காற்று அடிக்கும் நாட்களில் கரித்துணிப் பயிற்சியை வெளியில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் துணிக்கங்கு சுடர் இல்லாமலே பறந்து வைக்கோற்படப்பில் உட்காரும். ஆற்றிலிருந்து எடுத்த ஈரக் கற்களை அடுப்புக்கல்லாக வைக்க வேண்டாம். உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல்லே வெடிக்கும். அணைத்த பிறகு சாம்பலைக் கையால் கிளறிப் பார்த்து, சூடு அறவே இல்லை என்று தெரிந்த பின்பே இடத்தைவிட்டு நகருங்கள். இங்கே யாரும் இதைக் கேட்கவில்லை என்பது தெரியும். அந்தப் பாறைச் செதில் இன்னும் என் மேசைமேல் இருப்பதால் எழுதினேன்.

குலமங்கலத்துப் பெண்

மேலூர் அண்ணன் சொன்னவற்றில் ஒன்றைச் சேர்க்கிறேன். கங்கை வைத்து ஊதும் நார்த்தும்புக்காகச் சிலர் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பிடுங்குகிறார்கள். காலிக் கூடு என்று கீழே நின்று சொல்லிவிட முடியாது. பனையின் பன்னாடை, தேங்காய் நார், இவற்றை உள்ளங்கையில் கசக்கினாலே போதுமான தும்பு கிடைக்கும்.

நான் எழுத வந்தது எருக்கைப் பற்றி. நன்றாகக் காய்ந்த எருக்கந்தண்டு கையால் உருட்டிக் கடைவதற்கு மிக நல்லது. ஆனைக்கற்றாழையின் காய்ந்த பூந்தண்டை அடிக்கட்டையாக வைத்தால் இன்னும் நல்லது. என் சித்தி மகன் நார் உரிக்கலாம் என்று பச்சைத் தண்டை ஒடித்தான். பால் கையில் வழிந்தது. அந்தக் கையாலேயே நெற்றி வியர்வையைத் துடைத்தான். வலி என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, "அக்கா, வெயில் ஏன் இப்படி மங்கலா இருக்கு?" என்று கேட்டான். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பம்புசெட்டில் கண்ணை விடாமல் கழுவச் செய்து, மதுரையில் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். எருக்கம்பால் விழிவெண்படலத்தைத் தாக்கும்போது பல நேரங்களில் வலியே இருக்காது, பார்வை மட்டும் மங்கும் என்று அங்கே மருத்துவர் சொன்னார். மருந்தில் குணமாகிவிட்டது. அந்தக் கேள்வியை அவன் எவ்வளவு சாதாரணமாகக் கேட்டான் என்பதுதான் எனக்கு அடங்கவில்லை.

வாடிப்பட்டித் தச்சர் மகன்

ஆசிரியை அம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. நான் அதைத் தவறவிட்டு மரத்தை மட்டும் பேசிவிட்டேன். கருமாத்தூர் அண்ணே, கரிசலில் ஒரு பயிர் மழைக்கும் அசையாது: களத்தில் நிற்க வைத்தபடியே காய்ந்த துவரைமார் (துவரைச் செடியின் தண்டு). தரையில் படாததால் ஈரம் வாங்காது. தோல் சீவி, கற்றாழைத் தண்டில் உருட்டிப் பாருங்கள்; பிறகு வீண் உழைப்பா என்று சொல்லுங்கள்.

கருமாத்தூர்க்காரன்

துவரைமார் எங்கள் களத்திலேயே சாத்தி வைத்திருக்கிறது, தம்பி. கற்றாழைத் தண்டுதான் இந்தப் பக்கம் அரிது. வாடிப்பட்டியில் கிடைத்தால் ஒரு முழம் எடுத்து வையுங்கள், அடுத்த சந்தை நாளில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.