சுண்ணாம்பை நீற்றும்போது கொதிக்கிற சூடு காளவாயிலிருந்து வந்ததா?

காளவாய்க்காரன்:
மகள் பதினொன்றாம் வகுப்பு. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றுவது வெப்ப உமிழ் வினை, அந்தச் சூடு வினையில் பிறக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு ஒப்பவில்லை. எங்கள் அப்பா முப்பது வருஷம் காளவாய், அதாவது சுண்ணாம்புச் சூளை, போட்டவர். கரியும் கல்லும் மாற்றி மாற்றி அடுக்கி நாள்கணக்கில் எரியவிடுவோம். அவ்வளவு சூடும் எங்கே போகும்? கல்லுக்குள் அடைந்து கிடக்கிறது, தண்ணீர் பட்டதும் வெளியே வருகிறது. சுடாத கல்லில் குடம் குடமாக ஊற்றிப் பாருங்கள், ஒன்றும் நடக்காது.

பிப்பெட்:
அண்ணே, நான் வேதியியல் டீச்சர். உங்கள் மகள் கட்சிதான். சுட்ட கல்லை ஒரு வாரம் கழித்துத் தொட்டால் கை சுடுகிறதா? இல்லையே. காளவாயில் 900 டிகிரி வாக்கில் கல் தன்னிடமுள்ள கரியமில வாயுவை விட்டுவிடுகிறது. சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 56 கிலோதான் மிஞ்சும். அந்த மிச்சம் கால்சியம் ஆக்சைடு. தண்ணீரைக் கண்டால் அதிலுள்ள ஆக்சைடு அயனி ஒரு புரோட்டானைப் பிடுங்கிக்கொள்கிறது, இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகள் உண்டாகின்றன. அதில் ஒரு மோலுக்கு, அதாவது 56 கிராம் கால்சியம் ஆக்சைடுக்கு, சுமார் 65 கிலோஜூல் வெளியே வருகிறது. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 1,160 கிலோஜூல். 3 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க அது தாராளம்.

நீட் ரெண்டாவது தடவை:
மேடம், தண்ணீரின் பிணைப்பு உடைவதால்தானே ஆற்றல் வருகிறது? செல்லுக்கு ஆற்றல் தருகிற ஏடிபி மூலக்கூறுக்கும் அப்படித்தான் உயிரியலில் படித்தோம்.

பிப்பெட்:
அந்த வரியை மறந்துவிடு தம்பி. பிணைப்பை உடைக்க எப்போதும் செலவுதான், புதிதாகச் சேரும்போதுதான் வரவு. வரவு கூடினால் வெப்ப உமிழ் வினை, செலவு கூடினால் வெப்பக் கொள் வினை. ஏடிபியிலும் ஒரு பிணைப்பு உடைகிறது, உண்மைதான். ஆனால் தண்ணீரோடு சேர்ந்து உண்டாகிற பொருள்கள் முன்னதைவிட நிலையானவை என்பதால்தான் ஆற்றல் மிஞ்சுகிறது.

காளவாய்க்காரன்:
ஏடிபி இருக்கட்டும், என் சுண்ணாம்புக்கு வாருங்கள். சுட்ட கல்லைத் திறந்து போட்டால் சில வாரத்தில் தானே பொடிந்துவிடும். அப்புறம் அதில் தண்ணீர் ஊற்றினால் வெதுவெதுப்புகூட வராது. உள்ளே இருந்த சூடு ஆறிவிட்டது, அவ்வளவுதானே?

வெத்தலைப்பெட்டி:
நடுவே வருகிறேன். நான் ஒருமுறை சுட்ட கிளிஞ்சலை டின்னில் அடைத்து, மூடியைச் சுற்றி மெழுகு பூசி, பரணில் போட்டு மறந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து எடுத்துத் தண்ணீரில் போட்டால் அன்றைக்குச் சுட்டதுபோலவே கொதித்தது. தகர டின் சூட்டைத் தடுக்காது, ஈரத்தைத்தான் தடுக்கும். திறந்து கிடந்த உங்கள் கல் காற்றிலுள்ள ஈரத்தை மெள்ள மெள்ளக் குடித்து ஏற்கெனவே நீறிவிட்டது. இன்னொன்று, அளவுக்கு மிஞ்சி வெந்த கல் எப்படி நீறும்?

காளவாய்க்காரன்:
முருடாகிவிடும். தண்ணீரில் போட்டாலும் சுணங்கும், சட்டென்று கொதிக்காது.

வெத்தலைப்பெட்டி:
அதிகம் சூடு தின்ற கல்தானே அதிகம் கொதிக்க வேண்டும்?

காளவாய்க்காரன்:
…அது யோசிக்க வேண்டியதுதான்.

பிப்பெட்:
அண்ணே, நீங்கள் சொல்வதைப் பெரிய பெரிய ஆட்களே நம்பியிருக்கிறார்கள். நெருப்பின் துகள் கல்லுக்குள் புகுந்துகொள்வதால்தான் சுட்ட சுண்ணாம்புக்கு அந்தக் காரம் என்பது ஐரோப்பாவிலும் பழைய எண்ணம். ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1756-இல் வெளியிட்ட சோதனைகள்தான் அதை அசைத்தன. சுடுமுன்னும் சுட்ட பின்னும் எடை போட்டார். கல்லுக்குள் எதுவும் ஏறவில்லை, ஒரு வாயு வெளியேறியிருந்தது.

காளவாய்க்காரன்:
சரி, கணக்குக்கே வருகிறேன். மகள் புத்தகத்தில் பார்த்தேன். கல்லைச் சுட மோலுக்கு 178 கிலோஜூல் வேண்டுமாம். புகையோடு போவதைச் சேர்க்கவில்லை. நீற்றும்போது வருவது 65. மீதி 113-ஐ யார் தின்றது?

பிப்பெட்:
நல்ல கேள்வி! நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசுகிறீர்கள் இல்லையா, அது மாதக்கணக்கில் காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாகிறது. அப்போது வெளியாவதுதான் அந்த 113. மிக மெதுவாக வருவதால் சுவரைத் தொட்டாலும் தெரியாது. எந்த வழியில் போனாலும் மொத்தம் மாறாது என்று வேதியியலாளர் ஹெஸ் 1840-இல் சொன்னது இதைத்தான்.

காளவாய்க்காரன்:
அப்படியானால் 65-ம் 113-ம் சேர்ந்து 178. காளவாய் கொடுத்தது பைசா குறையாமல் திரும்புகிறது. முதலிலிருந்து நான் என்ன சொன்னேன்!

பிப்பெட்:
வரவு செலவில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்லுக்குள் அது சூடாக இருக்கவில்லை. மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறோம். அந்தத் தண்ணீருக்குள் கரண்ட் இருக்கிறதா? உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கால்சியம் ஆக்சைடும் கரியமில வாயுவும் அப்படி மேலே ஏற்றி வைத்த ஜோடி.

காளவாய்க்காரன்:
தொட்டிக் கதை பிடித்திருக்கிறது டீச்சர். ஆனாலும் நோட்டில் "பிறக்கிறது" என்பதை அடித்துவிட்டு "திரும்புகிறது" என்று எழுதச் சொல்லப் போகிறேன்.

வெத்தலைப்பெட்டி:
எழுதச் சொல்லுங்கள், மார்க் போனால் என்னிடம் வராதீர்கள். மகளுக்குச் செய்து காட்டுவதானால் தண்ணீரில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், கல்லின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணாடி கட்டாயம். கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும்.