மாவட்டச் சாலைப் பாதுகாப்புத் திட்டம்: கரும்புள்ளிப் பட்டியல் மட்டும் போதுமா?

ஊர்ச்சாலை:
கலெக்டர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அடுத்த ஆண்டுத் திட்ட வரைவு தயாராகிறது. இதுதான் மாநிலத் திட்டத்தோடு சேரும். 2030க்குள் உயிரிழப்பைப் பாதியாக்கும் ஐ.நா. இலக்கை முதல் வரியில் போட்டாச்சு. அதற்குக் கீழே வழக்கம்போல பேரணி, துண்டறிக்கை, கண் பரிசோதனை முகாம். உருப்படியாக என்ன எழுதலாம்? நான்குவழிச் சாலையில் கிராமச் சாலை வந்து சேரும் முக்குகள்தான் எங்கள் தலைவலி. ஒவ்வொன்றிலும் மூன்றாண்டில் இரண்டு, மூன்று பைக்காரர்கள் சாகிறார்கள், ஆனால் ஒரு முக்குகூட, அடிக்கடி விபத்து நடக்கும் இடங்களின் கரும்புள்ளிப் பட்டியலில் இல்லை. ஊர்க்காரர்கள் வேகத்தடை கேட்டு மனு மேல் மனு கொடுக்கிறார்கள்.

கணக்குப்புள்ளி:
பட்டியலில் வராததற்கு அளவுகோலே காரணம். மத்திய அமைச்சகக் கணக்கில், தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள் மூன்றாண்டில் உயிரிழப்போ கொடுங்காயமோ உள்ள 5 விபத்து, அல்லது 10 உயிரிழப்பு இருக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் சாவு அதில் அகப்படாது. அதனால் இடவாரியாக எண்ணுவதோடு வகைவாரியாகவும் எண்ணுங்கள்: கிராமச் சாலை முக்கு, எதிர்த்திசையில் வந்த பைக், இரவில் சாலையைக் கடந்தவர், நின்ற லாரியின் பின்னால் மோதியது. ஒரே வகை முக்கு முப்பது இருந்தால் முப்பதுக்கும் ஒரே வேலையை எழுதலாம்.

ஐராட் (போலீஸ் விபத்துகளைப் பதியும் மத்திய அரசுத் தரவுத்தளம்) தரவை வாங்கியதும் முதலில் வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். ஸ்டேஷனில் உட்கார்ந்து பதிந்திருந்தால் புள்ளியெல்லாம் ஸ்டேஷன் வாசலில் குவிந்திருக்கும். எஃப்.ஐ.ஆரின் காரணப் பகுதியை நம்ப வேண்டாம். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வரியில் வளைவும் தெரியாது, இருட்டும் தெரியாது. 30 நாளுக்குள் ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைச் சேர்த்தார்களா என்றும் பார்க்கணும்.

தார்ரோடு:
நான்குவழிச் சாலையின் மெயின் ரோட்டில் வேகத்தடை போடக் கூடாது. முன்னால் போகும் லாரி திடீரென பிரேக் போட்டால் பின்னால் வருபவன் அதில் சொருகிவிடுவான். கிராமச் சாலையில் போடுங்கள், மெயின் ரோட்டின் தார் விளிம்பிலிருந்து 5 மீட்டர் தள்ளி. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நூலான ஐ.ஆர்.சி. 99 சொல்லும் வடிவம்: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், 17 மீட்டர் ஆரத்தில் வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் இதைச் சிரமமில்லாமல் தாண்டலாம். ஊரில் போடுவது பெரும்பாலும் ஒரு மீட்டர் அகலத்தில் முழங்கால் உயரக் கரை. அதில் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான் தூக்கி எறியப்படுகிறார். 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகை, மேலே கறுப்பு வெள்ளைப் பட்டை கட்டாயம்.

அடுத்தது பார்வைத் தூரம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் சுதாரிக்கும் 2.5 விநாடியிலேயே 56 மீட்டர் கடந்துவிடுவார். நிற்க மொத்தம் 120 மீட்டர் வேண்டும். 100 என்றால் 180. முக்கில் பைக்காரரின் கண் மட்டத்தில் நின்று அந்தத் தூரம் தெரிகிறதா என்று பாருங்கள். மறைப்பது பெரும்பாலும் சீமைக்கருவேலமும் கட்சி பேனரும்தான். வெட்ட, அகற்ற டெண்டர் வேண்டாம்.

தடுப்புக் கம்பியையும் விட்டுவிடாதீர்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடத்தில் வண்டி வரும் பக்கத்துத் தகடு மேலே, சாலையைப் பார்த்தபடி இருக்கணும். மாற்றி முடுக்கினால் அந்த விளிம்பே வண்டியைக் கிழிக்கும்.

நேர்வழி:
எதிர்த்திசையில் வருபவனுக்கு ஃபைன் போட்டால் தீரும் என்று யாராவது எழுதினால் அந்த வரியை அடித்துவிடுங்கள். யு-டர்ன் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால் பால்காரர் எதிரேதான் வருவார். சர்வீஸ் ரோடு விட்டுப்போன துண்டுகளைப் பட்டியலிட்டு இணைக்கச் சொல்லுங்கள்.

கணக்குப்புள்ளி:
பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஹெல்மெட்டுக்கு ஃபைன் வேலை செய்கிறது, சோதனை தொடர்ந்து நடந்தால். பின்னால் இருப்பவரையும், மாட்டாத ஹெல்மெட் வாரையும் சேர்த்துப் பார்க்கணும்.

அவசரப்பிரிவு:
சிகிச்சைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 2021 டிசம்பரில் வந்த நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரத்துக்கு உச்சவரம்பு வரை காசு கட்ட வேண்டாம், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. எந்த ஆஸ்பத்திரியில் இரவில் சி.டி. ஸ்கேனும் மூளை அறுவை சிகிச்சை நிபுணரும் இருக்கிறார்கள் என்ற பட்டியல் 108 ஓட்டுநர் கையில் இருக்கணும். அது இல்லாததால்தான் முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து ரெஃபர், மறுபடி ஆம்புலன்ஸ்.

ஊர்ச்சாலை:
நன்றி. முக்கில் மெயின் ரோடு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தினுடையது, கிளைச் சாலை ஒன்றியத்தினுடையது. யார் தலையில் கட்டுவது?

தார்ரோடு:
இரண்டு பேரையும் ஒரே நாளில் முக்குக்கு வரச்சொல்லி அங்கேயே கூட்டு ஆய்வுக் குறிப்பில் கையெழுத்து வாங்குங்கள். வேலை, பதவி, முடியும் தேதி மூன்றும் குழுத் தீர்மானத்தில் வரணும். விளக்கு போட்டால் மின்கட்டணம் யார் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பல இடங்களில் கம்பம் நட்டு, ஊராட்சியா ஆணையமா என்ற கடிதப் போக்குவரத்திலேயே இணைப்பு கிடைக்காமல் நிற்கிறது.