தோட்டம் மூடப்படுவதற்குள்: பணம் அனுப்பும் முன் படியுங்கள்

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர், பெர்த், லண்டன் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஒரே கேள்விதான் வருகிறது: மலேசியாவில் நம் தோட்டத்தை விற்கிறார்களாமே, ஆளுக்கு எவ்வளவு போடலாம்? தாராளமாகப் போடுங்கள். ஆனால் அரிசி மூட்டைக்கும் தீபாவளிப் பொட்டலத்துக்கும் வேண்டாம்.

நம் வட்டாரம் மூடுவிழா பார்க்காததல்ல. 1985 அக்டோபர் 24-இல் லண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீய (டின்) வியாபாரம் நிறுத்தப்பட்டது. விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த அனைத்துலக ஈய மன்றத்திடம் காசு தீர்ந்துபோயிருந்தது. விலை பாதியாக விழுந்தது; பேராக் மாநிலத்துக் கிந்தாவில் ஒவ்வொரு சுரங்கமாகப் பூட்டினார்கள். வேலை போனவர்களில் பலர் புதுக்கிராமத்துச் சீனர்கள் (அவசரகாலத்தில் அரசு குடியேற்றிய ஊர்கள் அவை). வீட்டு நிலம் தற்காலிகக் குடியிருப்பு உரிமம்தான், டிசம்பர் 31-ஓடு காலாவதியாகும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆனாலும் உரிமம் அவர்கள் பெயரில் இருந்தது. சம்பளம் போனாலும் கூரை போகவில்லை. ஈயம் தோண்டிய குட்டையில் மீன் வளர்த்தார்கள், மணல் தரையில் காய்கறி போட்டார்கள், பிள்ளைகளை வெளியூர் வேலைக்கு அனுப்பினார்கள்.

தோட்டத்தில் கதை வேறு. வேலை, லயத்து வீடு (தோட்டத்து வரிசை வீடு), தண்ணீர், மின்சாரம், பள்ளிக்கூடம், கோயில் நிலம் எல்லாம் ஒரே கையில். அந்தக் கை விட்டால் எல்லாம் ஒன்றாகப் போகும். அதனால் கடைசிச் சம்பளத்துக்குப் பிறகு ஓடுவதில் பயனில்லை. பெரட்டு (காலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிப்பது) நடக்கும்போதே முடிக்க வேண்டிய வேலைகள் இவை.

முதலில் நட்டஈட்டுக் கணக்கு. 1980-ஆம் ஆண்டு வேலைநீக்க, ஆட்குறைப்புச் சலுகை விதிகளின்படி, 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். ஒரு நாள் சம்பளம் என்பது கடைசி 12 மாதச் சம்பளத்தை 365-ஆல் வகுத்தது. மாதம் 1,700 ரிங்கிட், 22 ஆண்டுச் சேவை என்றால்: 20,400-ஐ 365-ஆல் வகுத்தால் 55.89, அதை 440 நாளால் பெருக்கினால் ஏறக்குறைய 24,590 ரிங்கிட். வேலை முடிந்த 7 நாளுக்குள் கைக்கு வர வேண்டும். 5 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்கு 8 வார முன்னறிவிப்பும் உண்டு. ஆட்குறைப்புக்கு 30 நாள் முன்பே முதலாளி தொழிலாளர் இலாகாவுக்குப் படிவம் அனுப்பியாக வேண்டும்.

கணக்கு கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, சேவை ஆண்டு. தோட்டம் கைமாறும்போது புது முதலாளி 7 நாளுக்குள் பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை கொடுத்து, தொழிலாளி ஏற்றுக்கொண்டால் சேவை தொடரும். அப்படிக் கொடுக்கும் வேலையைத் தக்க காரணமின்றி மறுத்தால் நட்டஈடு கிடையாது. முன்னொரு காலத்தில் தோட்டம் கைமாறியபோது கொடுத்த கடிதம் தொலைந்துபோனால், 22 ஆண்டு 9 ஆண்டாகிவிடும். குத்தகைக்காரர் கணக்கில் மாற்றி எழுதப்பட்டவர்களுக்கும் இதே வில்லங்கம். செம்பனையில் இன்னொன்று: குலை வெட்டுபவர் பெயர் செக்ரோலில் (தோட்டத்தின் ஆள் பதிவேட்டில்) இருக்கும், உதிரிப் பழம் பொறுக்கும் மனைவி பெயர் பல இடங்களில் இருக்காது. பெயர் இல்லாததால் அந்தப் பெண்ணின் உழைப்புக்கு நட்டஈட்டில் ஒரு காசும் வராமல் போகும். என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே பெரிய அநியாயம்.

இரண்டாவது, கையெழுத்து. "நானாகவே விலகுகிறேன்" என்று மலாயில் எழுதிய ஒற்றைத் தாளை நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் நட்டஈடும் போச்சு, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதியும் போச்சு. படிக்கத் தெரிந்த பிள்ளை பக்கத்தில் இல்லாமல் யாரும் பேனா எடுக்க வேண்டாம் என்று வீட்டுக்கு வீடு சொல்லுங்கள்.

அந்தக் காப்புறுதிக்கு வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு; பிறகு மாதம் போகப்போகக் குறையும். சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால் ஆறு மாதம் வரை வரும். குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு நிரந்தரவாசியாக இருப்பவருக்கும் உண்டு. கிடையாது என்று நினைத்துப் பலர் போவதே இல்லை.

அடுத்தது முகவரி. அடையாள அட்டையில் இருப்பது லயத்து முகவரி. லயம் இடிந்தபின் இலாகாக் கடிதம் யார் கைக்குப் போகும்? பல தோட்டங்களில் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் ஒரே பொது மீட்டர்; குடும்பத்தின் பெயரில் ஒரு பில்கூட இருக்காது. இத்தனை வருடம் இங்கேதான் குடியிருந்தோம் என்று காட்டத் தாளே இல்லை. நிர்வாகத்திடமிருந்து குடியிருப்புக் கடிதம் இப்போதே வாங்க வேண்டும்: குடும்பத் தலைவர் பெயர், லயத்து எண், எந்த ஆண்டு முதல், முத்திரையோடு. மலிவு விலை வீட்டுக்கு மனுப் போடும்போது இந்தக் கடிதம் இருந்தால் பேச முடியும்.

பள்ளிக்கூடத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. உரிமம் இருக்கும்வரை வேறு இடத்துக்கு மாற்றலாம். பிள்ளைகளை அவசரப்பட்டு பட்டணத்துப் பள்ளிக்கு மாற்றினால் வாதாட ஆளிருக்காது.

கோயிலுக்குத்தான் அவசரம். நிலம் இன்னும் கம்பெனிப் பட்டாவில் இருக்கிறது. விற்பனை முடியும் முன் கோயில் இடத்தைத் தனியாகப் பிரித்து, பதிவு பெற்ற கோயில் சங்கத்தின் பெயருக்குப் பட்டா மாற்ற எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டுபோட்டுப் பலருக்கு விற்பதென்றால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி கட்டாயம். நம் மனு அங்கேயும் மாவட்ட நில அலுவலகத்திலும் போய்ச் சேர வேண்டும். நம் சங்கப் பதிவு ரத்தாகாமல் இருக்கிறதா என்று செயலவை முதலில் பார்க்கட்டும்.

ஆக, திரட்டும் பணம் மூன்று செலவுக்கு: நில அளவைக்காரர், வழக்கறிஞர் கட்டணம்; வாடகை வீட்டுக்கு முன்பணம்; பிறப்புப் பத்திரம், பெயர்ப் பிழை என்று பதிவு இலாகாவுக்கு அலையும் செலவு. முன்பணத்தைக் கடனாகக் கொடுத்து, நட்டஈடு வந்ததும் திரும்ப வாங்கினால் அடுத்த குடும்பத்துக்குச் சுழலும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியது: அப்பா அம்மாவின் பழைய சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, தோட்டம் கைமாறியபோது வந்த கடிதம், தேதி தெரியும் கோயில் திருவிழா நோட்டீசு எதுவாக இருந்தாலும் பெட்டியைத் திறந்து தேடுங்கள். இரண்டு பக்கமும் தெளிவாகப் படமெடுத்து, லயத்து எண்ணையும் குறித்து, செயலாளருக்குத் தனியாக அனுப்புங்கள். அடையாள அட்டை எண் இருப்பதால் எல்லாருக்கும் சேர்த்து அனுப்ப வேண்டாம்.