கம்பெனி டாக்டர் முன்னால உட்கார்ந்த அனுபவம்: கடலோடிகள் பகிரவும்

தூத்துக்குடி ஏபி
நான் ஏபி, டெக்ல வேலை பாக்குற மாலுமி. பிரேசில் சான்டோஸ் துறைமுகத்துல, கப்பலைக் கரையோட கட்டுற ஸ்பிரிங் லைன் கயிறு அறுந்து வலது தோள்ல அடிச்சுது. ஸ்னாப் பேக், அதான் அறுந்த கயிறு சாட்டை மாதிரி திரும்பி அடிக்கிறது, எப்படியிருக்கும்னு இங்க யாருக்கும் விளக்க வேண்டாம். அங்கேயே ஆபரேஷன், கப்பல் வேலையில இருந்து சைன் ஆஃப், வீடு, பிசியோதெரபி. கடைசியா சென்னையில, இழப்பீட்டுக்கு ஊனம் எவ்வளவுன்னு கணக்குப் போடுற கம்பெனி டாக்டர். கையைத் தூக்கச் சொன்னார். தோள் மட்டத்துக்கு மேல போகல. "இன்னைக்கு சட்டை யார் போட்டுவிட்டது?" "நானேதான் சார்." உடனே குனிஞ்சு எழுத ஆரம்பிச்சுட்டார். ஊனம் 18 சதவீதமாம். பைலட் லேடர்ங்கிற கயிற்று ஏணி ஏற முடியுமா, கரைக்கு ஹீவிங் லைன் கயிறு வீச முடியுமான்னு ஒரு வார்த்தை கேக்கல. சட்டை பட்டன் போடுறதும் கப்பலைக் கட்டுற மூரிங் ஸ்டேஷன்ல நிக்கிறதும் ஒண்ணா?

மோட்டார்மேன் குமரி
எனக்கு நெஞ்சுவலி. சூயஸ்ல இறக்கி ஸ்டென்ட் வெச்சாங்க. ஊருக்கு வந்ததும் ஆபீஸ்ல இருந்து ஃபோன். "ஏற்கெனவே இருந்த நோயை மறைச்சீங்களா?" உடம்பு எப்படி இருக்குன்னுகூட கேக்கல. ஏறுறதுக்கு முன்னாடி ஈசிஜி பாத்து ஃபிட் குடுத்தது அவங்க அனுப்பின டாக்டர்தானே! வேணும்னே மறைச்ச நோய்க்குத்தான் எம்எல்சி, அதான் கடலோடிகளுக்கான சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை, கம்பெனிக்கு விலக்கு குடுக்குது. எனக்கே தெரியாத நோயை நான் எப்படி மறைப்பேன்?

செகண்ட் மேட்
ஏபி அண்ணே, கம்பெனி டாக்டரும் உங்க டாக்டரும் ஒத்துப்போகலன்னா ரெண்டு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிற மூணாவது டாக்டர் கேளுங்க. என்கூட இருந்த பிலிப்பினோ போசன் (டெக் மாலுமிகளோட தலைவர்) அப்படித்தான் ஜெயிச்சார். இறங்கின மூணு வேலை நாளுக்குள்ள கம்பெனி டாக்டரைப் பாக்கணும். 120 நாளுக்குள்ள அவர் முடிவு சொல்லணும், சிகிச்சை நீண்டா 240. முழு ஊனம்னு கிரேடு 1 கிடைச்சா 60,000 டாலர்.

ஓய்வுபெற்ற சீஃப் ஆபீசர்
தம்பி, அது பிலிப்பைன்ஸ் அரசாங்கம் போட்ட ஒப்பந்தம். நம்ம ஆளுக்குச் செல்லாது. இப்படிக் கலந்து சொன்னா ஏபி தப்பான வாசல்ல போய் நிப்பார். அவருக்கு அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் அதோட சேர்ந்த சிபிஏவும்தான், அதான் யூனியன் போட்ட கூட்டு ஒப்பந்தம், கணக்கு. ஏபி, முதல்ல அந்த சிபிஏ காப்பியை வாங்குங்க. ஐடிஎஃப்ங்கிற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தோட மாதிரி சிபிஏன்னா, ஊனம் 50 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா முழுத்தொகை. அதுக்குக் கீழ இருந்தாலும், இனி எந்த வேலையிலும் கடலுக்குப் போக நிரந்தரத் தகுதியில்லன்னு டாக்டர் சான்று எழுதினா அப்பவும் முழுத்தொகைதான். அதனால 18-ஐ 25 ஆக்கச் சண்டை போடாதீங்க, கப்பல் வேலைக்குத் தகுதியா இல்லையான்னு எழுத்துல கேளுங்க. மூணாவது டாக்டர் விதியும் அதுலயே இருக்கலாம், பாருங்க. கரையில சிகிச்சை நடக்குறப்ப சம்பளம் எம்எல்சி படி குறைஞ்சது 16 வாரம், அதையும் விடாதீங்க. நான் கண்ணால பாத்தது ஒண்ணுதான்: முதுகு போன ஃபிட்டர், ஆக்சிடென்ட் ரிப்போர்ட் காப்பி இல்லாம ஆபீஸ் வாசல்ல நின்னார்.

கடலோடி மனைவி
எல்லாரும் டாக்டரைப் பத்தியே பேசுறீங்க. எங்க வீட்டுக்கு வந்தது ஒரு தாள். அவர் கட்டில்ல படுத்திருக்கார், ஏஜென்ட் ஆள் பேனாவோட நிக்கிறார். "இப்பவே கையெழுத்து போட்டா நாளைக்கே பணம்." ஒப்பந்தத் தொகையில பாதி. கீழே, இனி எதுவும் கோர மாட்டேன்னு ஒரு வரி. பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவேண்டிய வாரம். அவர் பேனாவை வாங்கிட்டார், நான் தாளை இழுத்துட்டேன். 2017 ஜனவரியில அமலுக்கு வந்த எம்எல்சி திருத்தமே, குறைச்சு வாங்கச் சொல்லி நெருக்கக் கூடாது, கணக்குப் போட நாளாகும்னா இடைக்காலப் பணம் குடுக்கணும்னு சொல்லுது. ஏபி தம்பி, உங்ககிட்ட எதுலயாவது கையெழுத்து வாங்கினாங்களா?

தூத்துக்குடி ஏபி
இன்னும் இல்லக்கா. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க, ஏதோ ஃபார்மாம். சிபிஏ காப்பி வேணும்னு இப்பவே மெயில் போடுறேன்.