வெள்ள நேரத்தில் விலை ஏத்தறது வியாபாரமா, கொள்ளையா?

ஊத்தங்கரையான்:
2024 ஃபெஞ்சல் புயலை மறந்திருக்க மாட்டீங்க. டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல எங்க ஊர்ல 50 செ.மீ. மழை. பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ன வேனும் காரும் தண்ணியில அடிச்சுட்டுப் போனதை நாடே டிவியில பார்த்துச்சு. டிவியில வராத ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு அரை லிட்டர் பால் பாக்கெட்டுக்கு 60 ரூபா குடுத்தேன். ஒத்தை மெழுகுவத்தி 20. கேட்டா "வேணும்னா வாங்கு, இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணு". இது கொள்ளை இல்லாம வேற என்ன?

அரூர்_மளிகை:
தம்பி, உங்க வயித்தெரிச்சல் புரியுது. நானும் கடை வெச்சிருக்கேன். அரூர்ல அன்னிக்கு 33 செ.மீ. கொட்டுச்சு. சரக்கு வேன் ஊரெல்லாம் சுத்தி வந்து, வாடகை ரெண்டு மடங்கு கேட்டான். அதை நான் எந்தக் கணக்குல எழுதறது? இன்னொண்ணு, பழைய விலைக்கே குடுத்தா முதல்ல வர்ற நாலு பேரு இருபது பாக்கெட்டை அள்ளிட்டுப் போயிடறான். அஞ்சாவதா வர்ற கைக்குழந்தைக்காரி வெறுங்கையோட திரும்புறா. விலை ஏறினாத்தான் ஆளுக்கு ஒண்ணோட நிறுத்துறாங்க.

ஊத்தங்கரையான்:
ஆளுக்கு ஒண்ணுதான்னு வாயால சொன்னா தீர்ந்துச்சு. அதுக்கு எதுக்கு 60 ரூபா? கூலிக்குப் போற வீட்டுல அந்தக் காசு இல்லேன்னா அந்தக் கைக்குழந்தைக்கு அப்பவும் பால் இல்ல.

ஓசூர்_பையன்:
2021 மே-ல கொரோனா மருந்து ரெம்டெசிவிரைப் பதுக்கினா குண்டர் சட்டம்னு முதல்வர் ஸ்டாலின் சொன்னாரே. மெழுகுவத்திக்கும் போட்டு உள்ள தள்ளுங்க :)

சட்டம்_படிச்சவ:
மெழுகுவத்திக்கு குண்டாஸா! சிரிப்பு இருக்கட்டும். கலிஃபோர்னியாவுல அவசரநிலை அறிவிச்சுட்டா பொதுவா 10 சதவீதத்துக்கு மேல விலை ஏத்தறதே குத்தம். நம்ம நாட்டுல அப்படிப் பொதுவா ஒரு சட்டம் கிடையாது. துண்டு துண்டாத்தான் இருக்கு. பாக்கெட்ல அச்சடிச்ச எம்ஆர்பிக்கு மேல விக்கக் கூடாதுங்கறது 2011 பொட்டலப் பொருள் விதி. அது புயலா வெயிலான்னு பார்க்காது. அதனால அரூர் அண்ணா, வேன் வாடகை எவ்வளவு ஆகியிருந்தாலும் பால் பாக்கெட் வழக்குல சட்டம் உங்க பக்கம் நிக்காதுங்க. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டாலே புகார் பதிவாகும்.

அடுத்தது 1955 அத்தியாவசியப் பொருள்கள் சட்டம். 7 வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு, ஆனா அரசு ஆணை போட்டாத்தான் அதுக்குப் பல்லு முளைக்கும். கொரோனாவுல போட்டாங்க: 2020 மார்ச்ல 200 மில்லி சானிடைசருக்கு 100 ரூபா, மூணடுக்கு மாஸ்க்குக்கு 10 ரூபான்னு உச்ச விலை. சரி, சேத்துல புதைஞ்ச காரை இழுக்கிற கிரேன், லாட்ஜ் ரூம், ஜெனரேட்டர் வாடகை, இதுக்கெல்லாம் எம்ஆர்பி எங்க ஒட்டியிருக்கு? மீட்பு வேலைக்குத் தேவைன்னா 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம் 65-ம் பிரிவுல மாவட்ட நிர்வாகம் வண்டியையே எடுத்துக்கலாம், அதுக்கு உண்டான தொகையைக் குடுத்துட்டு. ஆனா உங்க சொந்தக் காரை இழுக்க கிரேன்காரர் சொன்னதுதான் ரேட்டு.

பாலக்கோடு_தக்காளி:
நடுவுல பூந்ததுக்கு மன்னிக்கணும். 2023 ஜூலையில தக்காளி கிலோ நூறைத் தாண்டினப்ப எங்களைத்தான் கொள்ளைக்காரன்னு திட்டினீங்க. அரசே ரேஷன் கடையில 60 ரூபாக்கு வித்துச்சு, சந்தோஷம். பறிக்கிற கூலிகூடக் கட்டாம ரோட்டோரம் கொட்டுற வருஷத்துல, இதுக்குக் கீழ வாங்கக் கூடாதுன்னு ஆணை போட எந்த ஆபீசரும் வரல. ஏறும்போது மட்டும்தான் எல்லாருக்கும் தர்மம் ஞாபகம் வருது.

ஊத்தங்கரையான்:
அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அது வேற கணக்கு. உங்க விலையை நீங்க வெக்கறதில்ல, மண்டியில ஏலத்துல விழுது. நாலு வியாபாரி நிக்கறான். எங்க தெருவுல அன்னிக்குத் திறந்திருந்தது ஒரே கடை. விலை அந்த ஆளு வாயில இருந்து வந்துச்சு, அதுவும் என் செருப்பைப் பார்த்துட்டு.

சட்டம்_படிச்சவ:
அரூர் அண்ணா, ஒரே கேள்வி. சுத்தி வந்த சரக்குக்கு வாடகையைச் சேர்த்தீங்க, சரி. மழைக்கு முன்னாடியே கடையில இருந்ததை என்ன விலைக்கு வித்தீங்க?

அரூர்_மளிகை:
பால்ல நான் கை வெக்கல. மெழுகுவத்தி பழைய சரக்குதான், கார்த்திகை தீபத்துக்குன்னு அகலோட சேர்த்து வாங்கிப் போட்டது. பாக்கெட்டைப் பிரிச்சு ஒத்தை பத்து ரூபான்னு குடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன். தெரிஞ்சவங்களுக்குப் பழைய விலைதான்.

சட்டம்_படிச்சவ:
தெரியாதவங்க யாருங்கண்ணா?

அரூர்_மளிகை:
பஸ் போகாம மாட்டிக்கிட்ட வெளியூர்க்காரங்கம்மா.