கோட்டைக்குள் நின்றுகொண்டே கோட்டையைத் தேடிய கதை

இங்கிலாந்தின் வடக்கே கார்லைலுக்குக் குடிவந்த புதிது. ரோமானியர் எல்லைக் காவலுக்கு எழுப்பிய ஹேட்ரியன் சுவரை இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. சுவர் மேற்குக் கடற்கரையில் பௌனஸ் என்ற ஊரில் முடிந்த பிறகும் கடற்கரையோரமாகக் காவல் தொடர்ந்தது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேரிபோர்ட் பக்கம் ஸ்வார்தி ஹில்லுக்குப் போனோம்.

சாலையோரம் காரை விட்டுவிட்டு மேட்டில் ஏறினால் புல், ஆட்டுப் புழுக்கை, ஆளைத் தள்ளும் காற்று. மகன் கேட்டான், "அப்பா, கோட்டை எங்கே?" பலகையைப் படித்தால், நாங்கள் நிற்பதே கோட்டைக்குள்தான்! இடுப்பளவு கூட இல்லாத கரை, சுற்றிலும் தூர்ந்த அகழி. கல் கிடையாது, புல்மண் கட்டிகளும் மரமும்தான். ஒரு வாசல் கடலைப் பார்த்து, இன்னொன்று வயல் பக்கம். வாசலுக்கு வாசல் முப்பது நாற்பது எட்டில் முடிந்துவிட்டது. 1990-91இல் முழுக்கத் தோண்டிப் பார்த்த இடம் இது. இந்தக் கோட்டைக்கு ஆய்வாளர்கள் வைத்த எண் 21.

பையனுக்குப் பெரிய ஏமாற்றம். எனக்கும்தான், பொய் சொல்வானேன். பிளாஸ்கைத் திறந்து கரையிலேயே உட்கார்ந்தோம். மேகம் விலகியது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்து மலை பளிச்சென்று தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது. சுவர் எவ்வளவு உயரமாக இருந்தால் என்ன, படகில் சுற்றிக்கொண்டு வருபவனை அது என்ன செய்யும்? அதனால்தான் ரோமானிய மைலுக்கு ஒன்றாக, அதாவது ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒன்றாக, இப்படி ஒரு குட்டிக் கோட்டை. இரண்டுக்கும் நடுவே இரண்டு காவல் கோபுரங்கள். சண்டை போட அல்ல, பார்த்துக்கொண்டே இருக்க.

சுவர் வேலை கி.பி. 122இல் தொடங்கியது. இருபது வருடம் போல ஆனதும் எல்லை வடக்கே ஆண்டனைன் சுவருக்கு நகர்ந்தது. இந்த மேட்டுக்கு அத்தோடு வேலை போயிற்று.

—

அண்ணா, அப்படியே மேரிபோர்ட் சென்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கும் போயிருக்கலாமே! 1870இல் மேரிபோர்ட்டில் இருந்த ரோமானியக் கோட்டைக்குப் பக்கத்தில் குழிகளுக்குள் 17 பலிபீடக் கற்கள் கிடைத்தன. பெரும்பாலும் ரோமானியரின் தலைமைக் கடவுள் ஜூபிடருக்கு நேர்ந்தவை. அந்தக் கோட்டையில் இருந்தது ஸ்பெயினில் திரட்டிய படை. வெயில் நாட்டுக்காரர்களை இந்தக் காற்றில் நிறுத்தியிருக்கிறார்களே என்று எனக்குப் பாவமாகிவிட்டது. நான் போன அன்று மூடுபனி. ஸ்காட்லாந்து என்ன, பக்கத்தில் நின்ற கணவரே தெரியவில்லை.

—

எல்லையிலேயே இன்னும் கிழக்கே விண்டோலாண்டா என்று இன்னொரு ரோமானியக் கோட்டை. அங்கே கிடைத்த மரச்சீட்டு ஒன்றில் சிப்பாய்களின் பற்றுக் கணக்கு இருக்கிறது. காம்பாக்ஸ் என்பவன் பெயருக்கு நேரே மிளகு, 2 தெனாரியுஸ் (ரோமானிய வெள்ளிக்காசு). சேர நாட்டுக் கரையிலிருந்து கப்பலேறிய சரக்கு! இந்த ஊர்ச் சளிக்கு அவனும் வேறென்ன செய்வான், பாவம்.