புதுப்பிப்பு: பேக்கிங்கை வெளியே கொடுத்து மூன்று மாதம்

சென்னிமலை போர்வைகளை ஆன்லைனில் விற்கிறேன், பேக்கிங்கையும் அனுப்புவதையும் வெளியே கொடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கொடுத்துவிட்டேன். கோவையில் ஒரு குடோன்.

சிலர் பெங்களூரைச் சொன்னீர்கள். வேறு மாநிலத்தில் சரக்கை வைத்து விற்றால் அங்கே தனி ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் இருக்கிற பதிவிலேயே கூடுதல் வணிக இடமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதனால்தான் கோவை.

முதல் மாத பில்லைப் பார்த்துத் திகைத்துப் போனேன். போர்வை ஒரு கிலோகூட இல்லை, ஆனால் 2.25 கிலோவுக்குக் கூரியர் கட்டணம்! அட்டைப்பெட்டி 30×25×15 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதையும் நிஜ எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் காசு. இப்போது நன்றாக மடித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, பிளாஸ்டிக் கவரில் போடச் சொல்லியிருக்கிறேன். உயரம் 6 சென்டிமீட்டர்தான், கணக்கு 0.9 கிலோ. இதை முதல் நாளே பேசியிருக்க வேண்டும்.

இன்னொன்று, மெரூனுக்குப் பதில் சிவப்பு போய்விட்டது, நான்கு தடவை. குழாய் விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, பையன்களைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு போர்வையிலும் பார்கோடு ஒட்டி அனுப்ப ஆரம்பித்த பிறகு நிறம் மாறிப் போகவே இல்லை.

ரிட்டனை மட்டும் வீட்டுக்கே வரவைக்கிறேன். நெய்தவரின் உழைப்பு அது, விரித்துப் பார்க்காமல் மறுபடி விற்க எனக்கு மனசு வராது.